பாரம் சாய்ந்த பக்கம்

"மண்டைக்குள்ள மணல் கிடக்கிறவன்ர கதையடா இது! பெரும்பான்மை எங்கட பக்கமெண்டால் ஏன் விசா இல்லையெண்டு எழுதுறாங்கள்?"

"என்னோட ஏன் கத்துறாய்? அந்தக் கடிதத்தை நானே எழுதினனான்? போன் அப்பிடித்தான் சொல்லுது."

"போன் சொல்லுதாம்! இங்கிலிஸ் படிக்கிறனெண்டு மூண்டு வருசம் மன்னாருக்குப் பஸ் ஏறினியே, அங்க என்னத்தையடா படிச்சனீ?"

"பஸ் நேரம் படிச்சனான்!"

தோட்டவெளியில் காலை ஏழு மணிக்குச் சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பது புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியமல்ல. பூசை முடிந்து சனம் தெருவால் போகிற நேரம் அது. செபமாலை உருட்டும் விரல் உருட்டிக்கொண்டே இருக்கும்; கால் மட்டும் வேலியடியில் மெதுவாகும். எமிலியானுஸ் வீட்டு வேலியடியில் மூன்று நாளாகப் பல கால்கள் மெதுவாகிவிட்டன. எமிலியானுஸ் கடலுக்குப் போய்விட்டார். வீட்டில் சண்டை நடக்கும் நாட்களில் அவருக்குக் கடலில் எப்போதும் மீன் அதிகம்.

கத்தியது அவருடைய மூத்த மகள் ஜெஸ்லியா, முன்பள்ளி ரீச்சர். பதில் கத்தியது அவளுக்கு இளையவன் டினேஷ். சண்டைக்குக் காரணம் ஒரேயொரு இங்கிலிஸ் சொல்.

வெள்ளிக்கிழமை வந்தது அது. கனடாவிலிருந்து றெஜினோல்ட், அதாவது ஜெஸ்லியாவுக்குக் கந்தோரில் கலியாண எழுத்து முடித்த மாப்பிள்ளை, விசாக் கந்தோர்க் கடிதத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். எட்டு மாதமாகப் பார்த்திருந்த பதில். அனுப்பியது ஒரு பக்கம் மட்டும். அதன் அடியில் 'இரண்டில் ஒன்று' என்று இலக்கம் போட்டிருந்தது. மற்றப் பக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவுமில்லை.

வந்த பக்கத்தில் விசா இல்லை என்பது எல்லோருக்கும் விளங்கியது. ஏன் இல்லை என்பதுதான் நாலாவது வரியில் சிக்கிக்கொண்டு நின்றது. அந்தச் சொல்தான் பிறிபொண்டரன்ஸ். சாட்சியங்களின் பிறிபொண்டரன்ஸைப் பார்க்கும்போது இது உண்மையான கலியாணமாகத் தெரியவில்லையாம்.

ஊர் சும்மா இருக்குமா? டினேஷின் போன் 'பெரும்பான்மை' என்றது. கிராம அலுவலரின் போன் 'ஆதிக்கம்' என்றது. கோயிலில் மணியடிக்கிறவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "இது லத்தீன். லத்தீனெண்டால் நல்லதாத்தான் இருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

டினேஷுக்குப் பெரும்பான்மை பிடித்துக்கொண்டது. "இருநூற்றிப் பதினாலு படம் குடுத்தனாங்கள். போன் கதைச்ச கணக்கு ஒரு கட்டு. இன்னும் இருநூறு படம் குடுத்தால் அவங்களால இல்லையெண்டு சொல்லேலாது அக்கா."

"தேர்தலே நடக்குது? படத்தை எண்ணி வெல்லுறதுக்கு?"

"அப்ப நீ சொல்லன், என்ன கருத்தெண்டு!"

"எனக்குத் தெரிஞ்சால் உன்னை ஏன்டா கேக்கிறன்?"

அடுப்படி வாசலில் குந்தியிருந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்த தாய் றோஸ்மேரி வாயே திறக்கவில்லை. பிள்ளைகளின் சண்டையில் மூன்றாவது குரல் எப்போதும் அவளுடையதுதான், சிலவேளை முதலாவதும். இந்த மூன்று நாளும் அவள் பேசாமலிருந்ததை ஜெஸ்லியா கவலை என்று நினைத்தாள். டினேஷ் நோன்பு என்று நினைத்தான்.

இரண்டுமில்லை. அந்த வராத பக்கத்தில் என்ன இருக்குமென்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. செதில் போன மீனையே அவள் திரும்பத் திரும்பச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

கதை தபசு காலத்தில், உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பில், தொடங்கியது. றெஜினோல்டுக்கு லீவு கிடைத்தது தபசு காலத்தில். அவன் வேலை செய்கிற பேக்கரி முதலாளிக்குத் தபசும் தெரியாது, உயிர்ப்பும் தெரியாது. ஐந்து கிழமை தந்தேன், போய் வா என்றுவிட்டான். தபசில் கோயிற் கலியாணம் இல்லை. அதனால் எழுத்தை மட்டும் முடிப்பது, அதை வைத்து விசாவுக்குப் போடுவது, கோயிற் கலியாணத்தை அடுத்த வருகையில் ஊர் கூட்டிச் செய்வது என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்தார்கள்.

இந்தக் கரையில் எழுத்து என்பது கந்தோர்க் காரியம். கோயிலில் தாலி ஏறும்வரை பெண் தாய் வீட்டில், மாப்பிள்ளை தன் வீட்டில். அதுதான் முறை. அந்த முறையை றோஸ்மேரியைப்போல உயர்த்திப் பிடித்தவர் ஊரில் கிடையாது. எழுத்தன்று படம் எடுத்தவனை அவள் விரட்டியது இன்னும் பலருக்கு ஞாபகம்: "கொஞ்சம் தள்ளி நிக்கவிடும் தம்பி. இன்னும் கோயில் கலியாணம் முடியேல்லை." தள்ளி நின்றால் இடைவெளி வரும். இடைவெளி வந்தால் படம் வடிவில்லை. அதனால் இடைவெளியில் அவளே போய் நின்றாள்.

ஆனால் பிள்ளை பிள்ளைதானே. ஐந்து கிழமையில் கடைசிக் கிழமை, நானாட்டானில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஜெஸ்லியாவை அனுப்பியது றோஸ்மேரிதான். "சின்னம்மாவுக்குச் சுகமில்லை" என்று ஊருக்குச் சொன்னாள். அந்தச் சின்னம்மா கல்லுப்போல இருந்தாள். நாலு நாள். றெஜினோல்டும் அங்கேதான் நின்றான். விசாப் படிவத்தில் ஜெஸ்லியா அந்த நாலு நாளையும் திகதி போட்டு ஒளிக்காமல் எழுதினாள்.

பிறகு ஆவணி வந்தது. மடு மாதா திருவிழாவுக்கு யார் யார் எந்த வாகனத்தில் போவதென்று பேச முன்வீட்டு றஞ்சிதம் வந்து கதிரையில் இருந்தாள். கோயிலில் மரியாயின் சேனை என்கிற மாதா சபைக்குத் தலைவி. ஊரில் நடப்பது அவளுக்குத் தெரியவந்தால் நடந்த மாதிரி. தெரியவராவிட்டால் நடக்காத மாதிரி. றோஸ்மேரி தேத்தண்ணீர் கொடுத்தாள். அப்போது போன் அடித்தது.

ஒரு பெண் குரல், கொழும்புத் தமிழ். விசாக் கந்தோருக்காகக் கதைக்கிறேன் என்றது. றோஸ்மேரிக்குக் காது கொஞ்சம் மந்தம். போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கிடக்கும். அதை நிறுத்தும் இடம் அவளுக்குத் தெரியாது.

"பதிவுத் திருமணத்துக்குப் பிறகு உங்கள் மகளும் மருமகனும் சேர்ந்து தங்கியிருந்தார்களா அம்மா?"

றஞ்சிதத்தின் கையிலிருந்த கோப்பை வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றது.

"சீச்சீ! என்ன கேள்வி பிள்ளை இது? என்ர மகள் அவரோட ஒரு இராவும் நிக்கேல்லை. நாங்கள் அப்பிடி வளத்த ஆக்களில்லை."

"அப்படியானால் அவர்கள் கணவன் மனைவியாக வாழவில்லையா?"

"கோயில் கலியாணம் முடிஞ்சால்தானே பிள்ளை புருசன் பெஞ்சாதி. இப்ப என்ன, எழுத்துத்தானே."

நன்றி சொல்லிக் குரல் போய்விட்டது. கோப்பை வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. "அப்பிடித்தான் இருக்க வேணும் றோஸ்மேரியக்கா" என்றாள் றஞ்சிதம். அன்றைக்கு முழுக்க றோஸ்மேரியின் தலை ஒரு முழம் உயர்ந்திருந்தது. பின்னேரம் முன்பள்ளியால் வந்த ஜெஸ்லியாவிடம், "ஆரோ கொழும்பிலயிருந்து எடுத்தவை, பாஸ்போட் நம்பர் கேட்டவை" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

ஒரு முழம் உயர்ந்த அந்தத் தலை இப்போது மீன் சட்டிக்கு மேல் குனிந்து கிடந்தது.

"நான் மன்னாருக்குப் போறன்" என்று ஜெஸ்லியா கைப்பையை எடுத்தாள். "கைருன்னிசா மிஸ்ஸிட்டக் காட்டி என்ன கருத்தெண்டு கேப்பம். அவதானே படிவமெல்லாம் மொழிபெயர்த்துத் தந்தவ."

"நானும் வாறன்" என்றாள் றோஸ்மேரி. மீன் மணக்கும் கையைக் கழுவியதுகூடச் சரியாகக் கழுவவில்லை.

மன்னார் பஸ் நிலையத்தில் கழுதைகள் வழக்கம்போல மனிதருக்கு முன் வரிசையில் நின்றன. எதிர்ப்பக்க மாடியில், மருந்துக் கடைக்கு மேலே, கைருன்னிசாவின் சின்னக் கந்தோர். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் என்று மூன்று மொழியில் பலகை. ஆள் முப்பத்தைந்துக்குள். சிரிப்புக் குறைவு. ஒரு சொல்லைக் கேட்டால் ஒரு சொல்லுக்குத்தான் பதில் சொல்வாள். ஆனால் முழுதாகச் சொல்வாள்.

கடிதத்தை வாசித்தாள். திரும்ப வாசித்தாள்.

"பெரும்பான்மைதானே மிஸ்?" என்றான் டினேஷ், கேட்கப்படுவதற்கு முன்னமே.

"அப்படியும் பாவிக்கிறதுதான் தம்பி. ஒரு ஊர்ல எந்தச் சனம் கூட, எந்தப் பயிர் கூட எண்டு சொல்லுறதுக்கு இந்தச் சொல்லைப் போடலாம். மாரியில வாடைக்காத்துத்தான் மேலோங்கி நிக்கும் எண்டும் சொல்லலாம். ஆனா சாட்சியத்தோட சேத்து எழுதினா அது கோட்டு வழக்கில வாற பேச்சு. பாரம் எண்டு விளங்கிக்கொள்ளுங்க."

"பாரமோ?"

"ரெண்டு பக்கத்துச் சாட்சியையும் வச்சு நிறுத்துப் பாக்கிறது. கொலை வழக்கெண்டா சந்தேகமே இருக்கக்கூடாது. இதில அப்படியில்ல. ஒரு பக்கம் ஒரு நூலளவு கூடத் தாழ்ந்தாலும் போதும், அந்தப் பக்கம் முடிவு."

"எங்கட பக்கம் இருநூற்றிப் பதினாலு படம் இருக்கு!"

"எண்ணுறதில்ல தம்பி, நிறுக்கிறது. நூறு படத்தை ஒரு பேச்சுத் தூக்கிப் போட்டிரும்." அவள் கணினியில் பழைய கோப்பைத் திறந்து படங்களைத் தட்டிக்கொண்டே போனாள். "இந்த நடுவில நிக்கிறது…?"

"அம்மா" என்றாள் ஜெஸ்லியா.

"இதில?"

"அம்மாதான்."

"இதில கேக் வெட்டுறதும்…?"

றோஸ்மேரி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"படங்களுக்குப் பாரம் குறைவெண்டு விளங்குது" என்றாள் கைருன்னிசா, மரியாதையாக. "ஆனா இதுமட்டுமா இருக்காது. மற்றப் பக்கம் பாரமா ஏதோ இருந்திருக்கு. அது ரெண்டாம் பக்கத்திலதான் எழுதியிருப்பாங்க. அவர் ஏன் அனுப்பல்ல?"

"தெரியாது மிஸ். இண்டைக்குக் காலமையும் குரல் செய்தி போட்டனான். அனுப்பாட்டி நான் செத்துப்போனனெண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ எண்டு."

"ஐயோ பிள்ளை, அப்பிடி ஏன் சொன்னனீ?" 'நானும் வாறன்' என்றதை விட்டால், மூன்று நாளில் றோஸ்மேரி வாய்திறந்தது அப்போதுதான்.

சொல்லி வைத்ததுபோல ஜெஸ்லியாவின் போன் சிணுங்கியது. ஒரு படம். அதன் கீழே இரண்டு வரி. ஜெஸ்லியா படத்தைப் பார்க்காமல் அந்த இரண்டு வரியை வாசித்தாள். அவள் முகம் யாருக்கும் விளங்காத முகமாகப் போனது. போனைக் கைருன்னிசாவிடம் நீட்டினாள்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று ஒரு குரல் உண்டு. யாருடைய துக்கமும் அதில் ஒட்டாது. அந்தக் குரலில் கைருன்னிசா வாசித்தாள்:

"ஆவணி ஒன்பதாந் திகதி பெண்ணின் தாயாருடன் தொலைபேசியில் பேசப்பட்டது. பதிவுக்குப் பின் இருவரும் ஓர் இரவேனும் ஒன்றாகத் தங்கவில்லை என்று அவர் உறுதியாகக் கூறினார். நானாட்டானில் நான்கு நாட்கள் ஒன்றாகத் தங்கியதாகப் பெண் கொடுத்த வாக்குமூலத்துக்கு இது நேர்மாறானது. மேலும், இருவரும் இன்னும் கணவன் மனைவி அல்ல என்றும் தாயார்…"

அங்கே அந்தக் குரல் நின்றது. கைருன்னிசா தலையை நிமிர்த்தி றோஸ்மேரியைப் பார்த்தாள். பிறகு முடிக்க வேண்டிய கடமைக்காக முடித்தாள். "பெற்ற தாய், யாருடைய தூண்டுதலும் இல்லாமல், தன் வீட்டிலிருந்து சொன்னது என்பதால் இக்கூற்றுக்கு மிகுந்த பாரம் கொடுக்கப்படுகிறது."

கீழே கழுதையொன்று கத்தியது. யாரோ அதை விரட்டினார்கள்.

"பாஸ்போட் நம்பர் கேட்டவை எண்டுதானே சொன்னனீங்கள்" என்றாள் ஜெஸ்லியா. அவள் கத்தவில்லை. காலையில் டினேஷிடம் போட்ட சத்தத்தில் கால்வாசியாவது போட்டிருந்தால் றோஸ்மேரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"றஞ்சிதம் இருந்தவள் பிள்ளை."

"என்ன?"

"கதிரையில றஞ்சிதம் இருந்தவள். எல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தவள். நான் என்னெண்டு சொல்லுறது?"

ஜெஸ்லியா தாயைப் பார்த்தாள். "றஞ்சிதத்தின்ர காதுக்காக என்ர சீவியத்தைக் குடுத்திட்டீங்களே அம்மா."

"உன்ர பேருக்காகத்தான் பிள்ளை…"

"அவர் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமே? 'உங்கட அம்மாவுக்கு நான் யார்? இஞ்ச என்ர அம்மாவும் வாசிச்சிட்டா.' இதுக்கு நான் என்ன பதில் எழுத? றஞ்சிதம் இருந்தவ எண்டோ?"

டினேஷுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தால் திட்டம் போடத் தொடங்குவான். "திருப்பி எழுதுவம் மிஸ். அம்மா பொய் சொன்னவ எண்டு அம்மாவே எழுதட்டும். சமாதான நீதவானுக்கு முன்னால கையெழுத்து வைக்கட்டும். சின்னம்மாவும் எழுதித் தருவா."

"எழுதுறன்" என்றாள் றோஸ்மேரி. "ஊர் நடுவில நிண்டு சொல்லச் சொன்னாலும் சொல்லுறன்."

கைருன்னிசா பேனாவை மூடி வைத்தாள். "எழுதுவம், நானே செஞ்சு தாறன். ஆனா ஒண்டைச் சொல்லாம விட்டா பிழை. அண்டைக்கு நீங்க சொன்னதில உங்களுக்கு லாபம் ஒண்டுமில்ல, அதால அதுக்குப் பாரம். இண்டைக்குச் சொல்லுறது விசா மறுத்த பிறகு, மகளுக்காகச் சொல்லுறது. உண்மையாவே இருந்தாலும் பாரம் குறைவு. உங்கட தங்கச்சியும் அப்படித்தான், சொந்தக்காரர்."

"அப்ப அந்தப் பொய்தான் நிக்குமோ?"

"பொய் எண்டு அவங்களுக்குத் தெரியாதே அம்மா."

மூடி வைத்த பேனா திரும்பத் திறந்தது. பிறகு கைருன்னிசா தானாகவே சொன்னாள்: "சொந்தமில்லாத ஒரு ஆள், அந்த நாலு நாளில அவங்களைச் சேத்துக் கண்ட ஆள், ஒரு கடிதம் தந்தா அது வேற. அதுக்கு நிறை இருக்கும். அப்படி ஆராவது இருக்காங்களா?"

இல்லை. ஊருக்குத் தெரியாமல் அனுப்பிய அழகு அது. கண்டவர் ஒருவரும் இல்லாதபடிதான் றோஸ்மேரி எல்லாவற்றையும் ஒழுங்கு செய்திருந்தாள்.

பஸ்ஸில் ஜெஸ்லியா யன்னலோரம் இருந்தாள். தாய் பக்கத்தில் இருக்கப்போனபோது கைப்பையை அந்த இருக்கையில் வைத்தாள். றோஸ்மேரி தோட்டவெளிவரை நின்றுகொண்டே வந்தாள்.

வீட்டுக்குப் போகாமல் நேரே முன்வீட்டுப் படலையைத் திறந்தாள். எதற்கென்று அவளுக்கே சரியாகத் தெரியாது. சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். எந்தக் காதுக்காகப் பொய் சொன்னாளோ, அந்தக் காதிலேயே உண்மையைப் போட்டுவிட வேண்டும்.

றஞ்சிதம் முற்றத்தில் மிளகாய் காயவிட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கோ அக்கா. என்னவாம் மன்னாரில? அது லத்தீனோ?"

"றஞ்சிதம், அண்டைக்குப் போனில நான் சொன்னது பொய். ஜெஸ்லியா நானாட்டானில அவரோட நாலு நாள் நிண்டவள். நான்தான் அனுப்பினனான்."

மிளகாயைப் பரப்பிய கை நிற்கவேயில்லை.

"அது தெரியும்தானே அக்கா."

"என்ன தெரியும்?"

"நானாட்டான் கதை. என்ர மச்சாள் செத்த முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போகேக்க நானே கண்டனான். குளக்கட்டால சைக்கிளில இருத்திக்கொண்டு வந்தார். உங்கட பிள்ளை சிரிச்ச சிரிப்பு! பிறேக் பிடிக்கத் தெரியாமல் ரெண்டு பேரும் வயலுக்குள்ள. பாக்க வடிவாத்தான் இருந்தது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை அக்கா. தங்கச்சிக்கு மட்டும் சொன்னனான்."

றஞ்சிதம் தங்கைக்குச் சொன்னால் தலைமன்னார் இறங்குதுறைவரை போய்ச் சேர்ந்திருக்கும். ஆவணியில் கோப்பை நின்றபோதே ஊருக்கெல்லாம் தெரியும். தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்த ஒரே சீவன் றோஸ்மேரி.

"தெரிஞ்சுகொண்டுதானே அண்டைக்கு இருந்தனீ? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் என்ன சொல்லப்போறீங்களெண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். பிறகு நீங்கள் அவ்வளவு உறுதியாச் சொல்லேக்க, நான் என்னெண்டு அக்கா குறுக்க போறது? மரியாதையில்லையே."

றோஸ்மேரியின் காதில் கைருன்னிசாவின் குரல் கேட்டது. சொந்தமில்லாத ஆள். சேர்த்துக் கண்ட ஆள். மிளகாய்ப் பாய்க்கு முன்னால் அவள் அப்படியே முழங்காலில் இருந்துவிட்டாள். கோயிலில்கூட இப்போது கதிரையில்தான் இருப்பாள், முழங்கால் வலி.

"றஞ்சிதம், கண்டதைக் கண்டபடி ஒரு கடதாசியில எழுதித் தா. வேற ஒண்டும் வேண்டாம். உன்ர சொல்லுக்குத்தான் பாரம் இருக்காம். என்ர பிள்ளை தப்பிடுவாள்."

முதன்முறையாக றஞ்சிதத்தின் கை நின்றது. வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே அவளுடைய மகள் றொஷேல் ஏதோ பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். றஞ்சிதத்தின் குரல் தாழ்ந்தது.

"எழும்புங்கோ அக்கா, ஆராவது பாக்கப்போகினம். உங்களுக்குத் தெரியும்தானே, எங்கட றொஷேலுக்குப் பிரான்ஸ் மாப்பிள்ளை பேச்சு நடக்குது. மாப்பிள்ளை வீட்டார் சரியான கோயில் பிடிப்பு. கலியாணத்துக்கு முதல் நிண்ட கதைக்கு நான் சாட்சிக் கையெழுத்து வச்சனெண்டு தெரியவந்தால், தாய் இப்பிடியெண்டால் மகள் எப்பிடியெண்டு கேக்கமாட்டினமே? நீங்களெண்டாலும் அப்பிடித்தானே செய்திருப்பீங்கள்?"

மோசம் என்னவென்றால், அது உண்மை. றஞ்சிதத்தின் இடத்தில் தான் இருந்திருந்தால், தானும் இதே முற்றத்தில், இதே குரலில், இதையேதான் சொல்லியிருப்பாள். றோஸ்மேரி பாயைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். கையில் ஒட்டிய மிளகாய்த் தூளோடு கண்ணைத் துடைத்தாள். அதனால் அன்றைக்கு அவள் அழுதாளா, எரிவில் வந்த கண்ணீரா என்று ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது.

வீட்டில் ஜெஸ்லியா அறைக்குள். டினேஷ் வாசலில். வள்ளத்தால் வந்த எமிலியானுஸ், என்ன ஏதென்று கேட்காமல், சோறு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். காலையில் சுரண்டிய மீன் சுரண்டியபடியே சட்டியில் கிடந்தது.

கைருன்னிசா சொன்னபடி சத்தியக் கடதாசி எழுதி, கையெழுத்து வைத்து, அனுப்பினார்கள். சின்னம்மாவின் கடிதமும் போனது. போனது என்பதோடு சரி.

தை மாதம் றொஷேலுக்குக் கோயில் நிரம்பக் கலியாணம். எழுத்தும் தாலியும் ஒரே நாளில். படம் எடுக்கும்போது றஞ்சிதம் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "ஒட்டி நில்லுங்கோ பிள்ளையள், இன்னும் ஒட்டி" என்று கத்தினாளாம். ஆடி மாதம் றொஷேல் பிரான்சுக்குப் போய்விட்டாள். டினேஷ் சித்திரையில் கட்டாருக்கு வேலைக்குப் போனான். போகும்போது தாய்க்குப் போனில் ஸ்பீக்கரை நிறுத்தும் இடத்தைக் காட்டிக் கொடுத்தான்.

ஜெஸ்லியா அதற்கெல்லாம் முன்னமே போய்விட்டாள். கனடாவுக்கல்ல. முள்ளிக்குளத்தில் ஒரு முன்பள்ளிக்கு, கன்னியர் மடத்தில் ஓர் அறை எடுத்து. படிவத்தில் திருமணமானவரா என்ற இடத்தில் ஆம் என்று எழுதினாளாம். கணவரின் விலாசம் என்ற இடத்தை வெறுமையாக விட்டாளாம். மார்கழியில் நத்தாருக்கும் வரவில்லை, உயிர்ப்புக்கும் வரவில்லை.

றெஜினோல்டுக்கு அங்கேயே ஒரு பெண் பார்த்துவிட்டார்கள் என்று றஞ்சிதத்தின் தங்கை சொன்னாள். இல்லை, அவன் இன்னும் பேக்கரியில் இராவேலை செய்து தனியாக இருக்கிறான் என்று வேறொருத்தி சொன்னாள். எது உண்மையென்று எவருக்கும் தெரியாது.

அடுத்த ஆவணியில், மடுவுக்கு வாகனம் புறப்பட்ட காலையில், பதிவுத் தபால் ஒன்று வந்தது. கனடா முத்திரை. றெஜினோல்டின் கையெழுத்து. பெயர் ஜெஸ்லியாவுடையது அல்ல, றோஸ்மேரியுடையது. கையெழுத்து வைத்து வாங்கினாள். உள்ளே இருப்பது தமிழில் கடிதமா, எழுத்தை முறிக்கும் இங்கிலிஸ் கடதாசியா என்றுகூடப் பார்க்கத் துணிவு வரவில்லை. தெருவில் றஞ்சிதம் வாகனத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, "வாறீங்களோ அக்கா?" என்று கூப்பிட்டாள்.

றோஸ்மேரி உறையைச் சேலைகளுக்குள் வைத்து அலுமாரியைப் பூட்டினாள். பூட்டுமுன் ஒருதரம் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். பாரமாகத்தான் இருந்தது.